கம்ப்யூட்டர் படுத்தால் மெயில் வருமா?

கேள்வி: பள்ளத்தூரில் ஆத்தா பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறார்கள். பில் போடும் கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. சில சமயம் ஒன்றும் காட்டாமலே அணைகிறது. சென்னையில் இருக்கும் எனக்கு அப்போதெல்லாம் தானாக மெயில் வர வழி உண்டா? சர்வீஸ்காரர் ஒருவர் இதற்கு வருடச் சந்தா கேட்கிறார்.

பதில்: உண்டு. சந்தா வேண்டாம், விண்டோஸில் இருப்பதே போதும். ஆனால் விழுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் மெயில் அனுப்பாது. மறுபடி எழுந்து, நெட் கிடைத்த பிறகுதான் சொல்லும். எழவே இல்லையென்றால் ஆத்தாவின் போன்தான் கதி.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் விண்டோஸிலேயே இருக்கிறது. அதில் 'மெயில் அனுப்பு' என்று ஒரு வசதி கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 8 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது, பட்டியலிலிருந்து எடுக்க மட்டும் மனசு வரவில்லை. இன்றைக்கும் ஆட்கள் அதில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பதில் பத்துப் பதினைந்து வரியில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது விண்டோஸ் படித்துச் செய்யும் கட்டளைப் பட்டியல், போதும். கம்ப்யூட்டர் படிக்கிற காலேஜ் பிள்ளை எழுதித் தரும். ஆன் ஆகி மூன்று நிமிடம் கழித்து, யாரும் லாகின் செய்யாவிட்டாலும் டாஸ்க் ஷெட்யூலர் அதை ஓட்ட வேண்டும். ரவுட்டர் முகப்பில், கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில் என்றால் அந்தச் சுவர்களைத் தாண்டி வைஃபை வந்து சேர நேரம் கொடுக்க வேண்டாமா?

விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பேடு சிஸ்டம் லாக். ஸ்கிரிப்ட் அதில் இரண்டு எண்களைத் தேடும், கிடைத்தால் உங்களுக்கு மெயில் அனுப்பும். பக்செக் 1001 இருந்தால் நிஜமான நீலத்திரை. கெர்னல்-பவர் 41 இருந்தால் முறையாக அணைக்காமல் நின்றது என்று மட்டும்தான் பொருள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 41-க்குள் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும். அது 0 என்றால் பெரும்பாலும் விண்டோஸைக் குற்றம் சொல்ல முடியாது: கரண்ட் போயிருக்கும், யுபிஎஸ் பேட்டரி செத்திருக்கும், கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மக்கராகியிருக்கும், யாராவது பட்டனை அழுத்திப் பிடித்திருப்பார்கள். சூடு தாங்காமலும் அணையும். தேன்குழல் பிழிகிற இடத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் சேர்ந்து ஃபேனில் அப்பமாய் ஒட்டியிருக்கும், பிரித்துப் பாருங்கள். இந்த 0-வைக் காட்டி 'விண்டோஸ் போச்சு, ஃபார்மட் அடிக்கணும்' என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்து, ஸ்கிரிப்ட் மெயில் அனுப்ப ஜிமெயில். உங்கள் வழக்கமான பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டில் எழுதினால் கூகுள் ஏற்காது, 2022-இல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். இதற்கென்றே புது ஜிமெயில் கணக்கு ஒன்று திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, ஸ்கிரிப்ட்டுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்குங்கள். மெயில் போகும் வாசல் எண்ணாக (போர்ட்) 587 போடச் சொல்லுங்கள். கணக்கின் பாஸ்வேர்டை என்றைக்காவது மாற்றினால் அந்த 16 எழுத்தும் செல்லாமல் போய்விடும். அதை ஸ்கிரிப்ட்டுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். மெயில் மட்டும் நின்றுபோகும்.

சர்வீஸ்காரர் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த காரைக்குடிக் கடைக்காரர் ஒருவருக்கு, மெயில் அனுப்பும் கணக்கே சர்வீஸ்காரர் பெயரில் இருந்தது. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைத் திறக்கும் சாஃப்ட்வேர் ஒன்றும் பாஸ்வேர்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தது. சந்தாவை நிறுத்தியதும் மெயில் நின்றது, அந்த சாஃப்ட்வேர் மட்டும் நிற்கவில்லை. கணக்கை நீங்களே திறங்கள், ஓடிபியைப் போனில் படித்துக் காட்டாதீர்கள். 'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் எரர் வருகிறது' என்று போன் வந்தால் வைத்துவிடச் சொல்லி ஆத்தாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் அப்படிப் போன் போடுவதில்லை.

அப்புறம், மெயில் வராத மாதம் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். திங்கள்கிழமைதோறும் காலையில் 'நலம்' என்று ஒரு மெயில் போக இன்னொரு டாஸ்க் போடச் சொல்லுங்கள். அது வராத திங்கட்கிழமை ஆத்தாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.