படம் கிழிகிறது என்று கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகாதீர்கள்

கேள்வி: அண்ணா, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். போன மாதம் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். கேம் ஆடும்போது கேமராவைச் சட்டென்று திருப்பினால் படம் குறுக்கே வெட்டுப்படுகிறது. மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி இன்னொரு பக்கம். கூட்டாளி சொன்னான் என்று எஃப்.பி.எஸ்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 60-இல் கட்டிப் போட்டேன். அப்போதும் நிற்கவில்லை. கடையில் கேட்டால் படத்தை உருவாக்கித் தரும் கிராஃபிக்ஸ் கார்டு போதாது, மாற்று என்கிறார்கள். இருப்பது ஆர்.டி.எக்ஸ் 3060. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. செந்தூலில் எல்.ஆர்.டி ஏறி, தித்திவங்சாவில் மோனோரெயில் மாறி, இம்பியில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோயட் பிளாசாவுக்குள் நுழைந்துவிட்டால் வெறுங்கையோடு திரும்புவது சிரமம், எனக்கே தெரியும். கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மானிட்டர் ஒரு படத்தை ஒரேயடியாகப் பளிச்சென்று காட்டுவதில்லை. மேலிருந்து கீழாக, வரி வரியாக வரைந்துகொண்டு வருகிறது. 165 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 165 முறை அப்படி வரைகிறது. சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி ஒட்டியிருக்கும்போது கையில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு அடுத்த போஸ்டரைத் திணித்தால் என்ன ஆகும்? நடிகரின் தலை பழைய போஸ்டரில், உடம்பு புதிய போஸ்டரில். கார்டு செய்வது அதைத்தான். மானிட்டர் வரைந்து முடிக்கும்வரை காத்திராமல், புதுப் படம் தயாரானதும் தள்ளிவிடுகிறது. கார்டு எவ்வளவு வேகமோ அவ்வளவு அடிக்கடி தள்ளும். ஆகவே விலை கூடின கார்டு வாங்கினாலும் கிழிசல் போகாது.

60-இல் கட்டியும் ஏன் நிற்கவில்லை? அந்த வரம்பு எத்தனை படம் என்பதை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது, எப்போது என்பதை அல்ல. தைப்பூசத்தில் பத்துமலைப் படிக்கட்டின் கீழே இரண்டு உறுமி மேளக் குழுக்கள் ஒரே வேகத்தில் அடித்தாலும், தொடக்கம் ஒன்றாக இல்லாவிட்டால் அடி சேராது. உங்கள் விஷயத்தில் வேகமே ஒன்றில்லை. 165-ஐ 60-ஆல் வகுத்தால் 2.75 வருகிறது, அந்த முக்காலில்தான் வெட்டு விழுகிறது. நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால் 50-இல் கட்டு என்று ஒருவர் எனக்கே பாடம் நடத்தியிருக்கிறார். பழைய ட்யூப் டிவி காலத்துக் கணக்கு அது. மானிட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய மருந்து வி-சிங்க். மானிட்டர் ஒரு படத்தை முடிக்கும்வரை கார்டைக் காக்க வைப்பது. கிழிசல் நிற்கும், ஆனால் மௌஸை அசைத்தால் கை கனக்கிற மாதிரி ஒரு தாமதம் வரும். 165 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 6 மில்லி விநாடி. அதைக் கார்டு தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை நிற்க வேண்டும். சில கேம்களில் வேகம் பாதியாக, 82 பக்கம் விழுந்துவிடும்.

காத்திருக்க வேண்டியது மானிட்டர் என்று யோசித்ததுதான் பெரிய மாற்றம். 2013-இல், உங்கள் கார்டின் சிப்பைச் செய்யும் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்று கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு அதே கருத்தை அடாப்டிவ்-சிங்க் என்று பொதுத் தரமாக்கியது. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டியின் ஃப்ரீ-சிங்க் அதன்மேல் நிற்பது. படம் தயாரானால்தான் மானிட்டர் வரையத் தொடங்கும். ‘ஃப்ரீ-சிங்க் மானிட்டரில் என்விடியா கார்டு வேலை செய்யாது’ என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. 2019 ஜனவரியிலிருந்து 10-ஆம் வரிசை முதலான என்விடியா கார்டுகளுக்கு அது திறந்துவிடப்பட்டது. உங்கள் 3060 அதற்குப் பிந்தைய 30-ஆம் வரிசை, தாராளமாகச் செய்யும்.

முதலில் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் பாருங்கள். கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா? சிரிக்காதீர்கள், நான் பார்த்த இத்தகைய புகார்களில் பல அங்கேயே முடிந்திருக்கின்றன. எச்.டி.எம்.ஐ இருந்தால் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள். பிறகு விண்டோஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 165 மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60-இலேயே ஓட்டுகிறவர்கள் ஏராளம். அடுத்து, மானிட்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி அதன் மெனுவில் அடாப்டிவ்-சிங்க் அல்லது ஃப்ரீ-சிங்க்கை ஆன் செய்யுங்கள். அணைத்த நிலையில் வருவது சகஜம். அதன் பின்தான் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை ஆன் செய்ய வேண்டும். அங்கேயே வி-சிங்க்கையும் ஆன் செய்து, கேமுக்குள் இருக்கும் வி-சிங்க்கை அணைத்துவிடுங்கள்.

கூட்டாளி சொன்ன வரம்பு இப்போதுதான் பயன்படும், 60-இல் அல்ல, 158 போல. கார்டு 165-ஐத் தாண்டினால் அடாப்டிவ்-சிங்க் கைவிட்டுவிடும், வி-சிங்க்கின் தாமதம் திரும்ப வரும். வரம்பைக் கேமின் செட்டிங்கிலேயே போடுவது நல்லது, தாமதம் குறைவு. இன்னொரு லாபமும் உண்டு. வரம்பில்லாமல் விட்டால் வெறும் மெனு திரைக்கே சில கேம்கள் நூற்றுக்கணக்கில் படம் வரைந்து தள்ளும். ஏர்கோன் இல்லாத கோலாலம்பூர் அறையில் அந்தச் சூடு எங்கே போகும்? உங்கள் முகத்தில்தான்.

மானிட்டர் மெனுவில் அப்படி ஒரு வசதியே இல்லை என்றால், கேமை முழுத்திரையில் ஓட்டாமல் பார்டர்லெஸ் விண்டோவில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸே படத்தை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதால் பெரும்பாலும் கிழிசல் நின்றுவிடும். கொஞ்சம் தாமதம் சேரும், கதை கேம்களுக்கு அது பாதகமில்லை. சுடுகிற போட்டி கேம் என்றால், நான் கிழிசலைப் பொறுத்துக்கொண்டுதான் ஆடுவேன்.