ஜிகினாவை எடுத்து உள்ளே வையுங்கள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

தீபாவளிப் பலகாரப் பொட்டலங்களுக்கு நீங்களே டேக் வெட்டிக் கட்டியதாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர் போகவில்லை, பெரம்பூரிலேயே சின்ன மண்டபம் பார்த்திருக்கிறோம். அறுபது குடும்பங்களுக்குத் தாம்பூலப் பை. ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதிய டேக் தொங்கவேண்டும், அப்பா அம்மாவுக்கு என் கையால் ஒரு வாழ்த்து அட்டை தரவேண்டும், வரமுடியாத கோயம்புத்தூர் அத்தைக்கும் ஒன்று தபாலில் போகவேண்டும் என்று ஆசை. ஆன்லைனில் ஒரு கிராஃப்ட் செட் வாங்கினேன். ஜிகினாத் தூள், ஸ்டிக்கர், முத்து, ரிப்பன், பத்து நிறத்தில் மினுக்குப் பேனா எல்லாம் இருக்கிறது. செய்து பார்த்த நாலு அட்டையும் ஐந்தாம் வகுப்பு பிராஜக்ட் மாதிரி வந்திருக்கிறது. பசை போட்ட இடமெல்லாம் உப்பிவிட்டது. மடித்த இடத்தில் வெடிப்பு. கடைசியில் எழுதப்போனால் பேனா ஓடவில்லை. வீட்டுக்காரர் "கடையில வாங்கிட்டா வேலை முடிஞ்சுது" என்கிறார். என் கையெழுத்து வேறு கோழி கிண்டினது மாதிரி இருக்கும். இன்னும் என்னென்ன வாங்கவேண்டும் என்று சொல்லுங்கள்.

வாசகி, பெரம்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயர் போடவேண்டாம் என்று தனியே கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பெரம்பூரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். பெரம்பூரில் ஆளா பஞ்சம்?

ஏழெட்டுத் தாள் நல்ல அட்டை வாங்குங்கள். வேறு எதுவும் வேண்டாம். ஏற்கெனவே வாங்கியதில் முக்கால்வாசியைப் பரணில் ஏற்றுங்கள், முக்கியமாக அந்த ஜிகினாவை. ஒருமுறை கொட்டினால் அடுத்த ஆடிவரைக்கும் ரசத்தில் மிதக்கும்.

பேனா ஓடாததற்குக் காரணம் பேனா இல்லை. நீங்கள் முதலில் அலங்காரம் செய்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் எழுதப் போயிருக்கிறீர்கள். ஜிகினாவின் மேலும் போஸ்டர் கலரின் மேலும் எந்தப் பேனாவும் தடுக்கித் தடுக்கித்தான் போகும். வழவழப்பான அட்டையில் ஜெல் மை காயாமல் கையில் இழுபடும். அதனால் முதலில் எழுதுங்கள். எழுத்து சரியாக வந்த பிறகு மற்றதைத் தொடுங்கள். தப்பாகிப் போனாலும் ஒரு துண்டு அட்டையோடு போயிற்று, இரண்டு மணி நேர உழைப்பு போகாது.

அடுத்தது வெடிப்பு. ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் இருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அந்தக் கணக்கு. டேக்குக்கும் அட்டைக்கும் 250 முதல் 300 வரை வேண்டும், கடையில் "ஐவரி போர்டு" என்று கேளுங்கள். இவ்வளவு தடிமனான அட்டையை அப்படியே மடித்தால் மேல்தோல் வெடிக்கத்தான் செய்யும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று வீட்டில் இல்லாமலா இருக்கும்? இரும்பு ஸ்கேலை வைத்து, மடிக்கவேண்டிய கோட்டில் அதை அழுத்தி இரண்டு தடவை இழுங்கள். பள்ளம் விழும். பள்ளம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி மடித்து, ஒரு கரண்டிக் காம்பால் தேயுங்கள். கத்தியால் வெட்டியது போல மடிப்பு நிற்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று பார்க்கவேண்டும். மூங்கிலுக்கும் துணிக்கும் இருப்பது போலத் தாளுக்கும் ஓட்டம் உண்டு. ஆலையில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடும். அட்டையைக் கையில் வைத்து நீளவாக்கில் லேசாக வளையுங்கள், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாக்கில் மடிப்பு வரவேண்டும். எதிர்வாக்கில் மடித்தால் எவ்வளவு தேய்த்தாலும் பிசிறு தட்டும். உங்கள் நாலு அட்டையிலும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

உப்பல் பசையால் வந்தது. ஃபெவிகால் தண்ணீர் கலந்த பசை. தாள் அந்தத் தண்ணீரைக் குடித்து விரியும், காயும்போது ஒழுங்கில்லாமல் சுருங்கும். மெல்லிய தாளை ஒட்டக் குச்சிப் பசையோ இருபக்க டேப்போ போதும். ஃபெவிகால்தான் வேண்டுமென்றால் பல்குச்சியால் புள்ளி புள்ளியாக வையுங்கள், பரப்பாதீர்கள். ஒட்டியதும் கனமான அகராதிக்கு அடியில் ஓர் இரவு கிடக்கட்டும். எங்கள் வீட்டில் லிஃப்கோ டிக்‌ஷனரியை நான் திறந்ததைவிட அதன் அடியில் ஏதாவது வைத்ததுதான் அதிகம்.

சென்னையில் கார்த்திகை, மார்கழியில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு எதிரி, காற்றிலுள்ள ஈரம். ஒரு வருஷம் பொங்கலுக்கு நாற்பது அட்டை போஸ்டர் கலரில் வரைந்தேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் அடைமழை. எடுத்துப் பார்த்தால் நாற்பதும் ஒரே செங்கல்லாக இருந்தது. பிரித்தால் ஒன்றின் கரும்பு இன்னொன்றின் பானையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த வருஷம் எல்லோருக்கும் போனில்தான் வாழ்த்து. நீங்கள் கொடி கட்டிக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள்.

இனி டேக். ஏ4 அட்டை 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். 5 செ.மீ.க்கு 9 செ.மீ. என்று ஒரு டேக்கை வைத்தால் அகலத்தில் 4, நீளத்தில் 3, ஆக ஒரு தாளுக்கு 12. அறுபதுக்கு 5 தாள், கைத்தவறலுக்கு 1. மேல்மூலை இரண்டையும் 1 செ.மீ. சாய்வாக வெட்டிவிடுங்கள், அதிலேயே டேக் என்கிற தோற்றம் வந்துவிடும். மூலைக்கு ஒரு மாதிரித் துண்டு செய்து வைத்து வெட்டுங்கள், கண் அளவில் வேண்டாம். துளை மேல்விளிம்பிலிருந்து 1 செ.மீ. கீழே. பை கனமென்றால் துளை கிழியும். அந்தக் கஷ்டம் பழையது. சரக்குப் பெட்டிகளில் கட்டிய சீட்டுகள் வழியில் கிழிந்து விழுந்ததால்தான், துளையைச் சுற்றிக் காகித வளையம் ஒட்டும் யோசனைக்கு அமெரிக்காவில் டென்னிசன் என்பவர் 1863இல் காப்புரிமை வாங்கினார். பஞ்சிங் மெஷினில் விழுகிற வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, நடுவில் துளையிட்டு, பின்பக்கம் ஒட்டினால் உங்களுக்கும் அதே வளையம் கிடைத்துவிடும்.

அட்டை வாங்கக்கூட வேண்டாம் என்றால், பீரோவின் மேல் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்குமே? பிள்ளையார் படம் இருக்கிறது என்று தூக்கிப் போடவும் மனசு வராமல், வைத்துக்கொள்ளவும் இடம் இல்லாமல். அதன் அட்டைகள் பெரும்பாலும் நல்ல கனம். சாமி படத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, பின்பக்க வெற்றிடத்தை டேக்காக வெட்டிக்கொள்ளலாம். மூலையில் மஞ்சள் கறை இருந்தால் இருக்கட்டும், அதைவிடப் பொருத்தமான அலங்காரம் எந்த செட்டில் வரும்?

மஞ்சள் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளை அட்டையில் மெல்லப் பூசிக் காயவிடுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, ஈர்க்குச்சியால் அதன்மேல் புள்ளிக் கோலம் போடுங்கள். தொட்ட இடமெல்லாம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடக்கிற அதே சங்கதிதான்: மஞ்சளின் நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவப்பாக மாறும். அறுபதாம் கல்யாணத்துக்கு இதைவிட வேறு வண்ணம் தேடவேண்டுமா? ஒன்று மட்டும் கவனம், மஞ்சள் வெயிலில் வெளிறும், சிவப்பும் நாளாக ஆக மங்கும். ஒரு வாரத்துக்கு முன்னால் செய்தால் போதும். எழுதவேண்டிய பக்கத்தில் பூசாதீர்கள். இது பிடிக்காவிட்டால் வெண்டைக்காய் அச்சு இருக்கவே இருக்கிறது. வாழைமட்டையைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து வையுங்கள், ஜன்னல் கம்பி போலக் கட்டம் கட்டமாக விழும். நான் அதன் ரசிகை.

கையெழுத்துக்கு வருகிறேன். அறுபது டேக்கிலும் பொதுவாக வருகிற வரிக்கு ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்துகொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் பெயரை நீங்களே எழுதுங்கள். அதுவும் "திரு & திருமதி" போட்டு முழுப்பெயர் எழுதாதீர்கள். நீங்கள் கூப்பிடுகிற மாதிரி எழுதுங்கள்: மயிலாப்பூர் சித்தி, லோகோ மாமா, மாடி வீட்டு ஆன்ட்டி. எந்தக் கடையிலும் அந்த டேக் கிடைக்காது. பென்சிலில் இரண்டு கோடு இழுத்து, நடுவே பால்பாயிண்டில் நிதானமாக எழுதி, காய்ந்ததும் கோட்டை அழித்துவிடுங்கள். கோழி கிண்டினாலும் நேர்க்கோட்டில் கிண்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. வாழ்த்து அட்டை கடையில் கிடைக்காத காலமில்லை. லண்டனில் ஹென்றி கோல் என்பவர் 1843இல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்து விற்றதே, எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி மாளவில்லை என்றுதான். நாம் பள்ளியில் படித்தபோது பொங்கலுக்குப் பிளாட்பாரம் முழுக்க சிவகாசி அட்டைகள் பரப்பியிருக்கும். உறையை ஒட்டாமல் மடக்கிச் செருகி, மூலையில் "புக் போஸ்ட்" என்று எழுதித் தபால் செலவில் மிச்சம் பிடித்தோமே. அறுபது பேருக்கு அட்டை என்றால் நானும் அச்சடிக்கத்தான் சொல்வேன். உங்களுக்கு வேண்டியது இரண்டே இரண்டு.

அந்த இரண்டுக்கும் உறையை முதலில் வாங்குங்கள். அட்டையை அழகாகச் செய்துவிட்டு, அதற்கேற்ற உறை கிடைக்காமல் அலைகிறவர்கள்தான் அதிகம். உறையைவிட எல்லாப் பக்கமும் அரை செ.மீ. குறைவாக வெட்டினால் சிக்காமல் போகும். அத்தைக்குப் போவதில் முத்து, ரிப்பன் எதுவும் வேண்டாம், வழியில் நசுங்கும். எடையையும் பாருங்கள். 20 கிராம் வரைதான் 5 ரூபாய்த் தபால்தலை. 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றே கிட்டத்தட்ட 19 கிராம், உறையோடு சேர்ந்தால் தாண்டிவிடும். பாதித் தாளில் செய்யுங்கள்.

சாமான் வாங்க பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள், உயர்நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். காகிதக் கடையும் பத்திரிகை அச்சடிக்கிற கடையும் வரிசையாக இருக்கும். வெட்டும் மெஷின் வைத்திருக்கிறவர்களிடம் அளவைச் சொன்னால் ஆறு தாளையும் ஒரே வெட்டாக வெட்டித் தந்துவிடுவார்கள், மூலை மட்டும் உங்கள் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

ரிப்பன் வாங்காதீர்கள். மண்டபத்துக்கு முதல்நாள் சாயங்காலம் பூ வாங்குவீர்கள் அல்லவா, அந்தப் பூக்காரம்மாவிடமே ஒரு கற்றை வாழைநார் கேளுங்கள். காய்ந்த நார் முடிச்சுப் போட்டால் முறியும், அதனால் தண்ணீரில் நனைத்துத் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டாக மடித்து, மடிப்பைத் துளைக்குள் விட்டு, நுனிகளை அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் போதும். அறுபது பையும் கட்ட இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். இன்னொரு ஆளாக வீட்டுக்காரரை உட்கார வையுங்கள்.

அன்புடன்,
அக்கா