ஒரு கியூப் மணல் என்பது எவ்வளவு?

கேள்வி: அறை ஒன்று கட்டுவதற்காக ஒரு கியூப் ஆற்று மணல் பறிப்பித்தேன், ஐயா. உழவு இயந்திரப் பெட்டியின் உட்பக்கம் 10 அடி நீளம், 5 அடி 6 அங்குல அகலம். மணல் நின்ற உயரம் 1 அடி 6 அங்குலம். 10, 5.6, 1.6 எனப் பெருக்க 89.6 வந்தது. மணல் குறைவு என்கிறார் மேசன். மதிப்பீடு கன மீற்றரில் இருக்கிறது. ஒரு மீற்றர் 3.28 அடி என்பதால், கன மீற்றரையும் 3.28 ஆல் பெருக்கினால் போதுமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மேசன் சொன்னது சரி, சகோதரி, குறைவு நீங்கள் கணித்ததிலும் அதிகம். ஓர் அடிக்கு 12 அங்குலம் ஆகையால் 6 அங்குலம் அரை அடியாகும், 5.5, 1.5 என்று எழுதிப் பெருக்கினால் 82.5 கன அடிதான் வரும். நம் நாட்டு மணல் வியாபாரத்தில் ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 10 அடிக்கு 10 அடி நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பரப்பிய மணல். உங்கள் பெட்டியில் அது ஏறக்குறைய 1 அடி 10 அங்குலம் நிற்க வேண்டும். நடுவில் குவிந்த மணல் கண்ணை ஏமாற்றும். நெல்லை மரைக்காலில் தலை தட்டி அளப்பதுபோல மட்டமாக்கிவிட்டு, நான்கு மூலைகளிலும் நடுவிலும் கம்பி குத்தி ஆழம் பாருங்கள்.

கன மீற்றருக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் மாறுவதால் 3.28 ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். ஒரு கன மீற்றர் சுமார் 35.3 கன அடி. ஒரு கியூப் சுமார் 2.83 கன மீற்றர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஈர மணலில் ஒவ்வொரு மணியையும் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலம் மணிகளை விலக்கி வைப்பதால் அது உப்பி நிற்கும். மணல் எவ்வளவு நைசோ அவ்வளவுக்கு உப்பலும் கூடும். நேரான பக்கமுள்ள கண்ணாடிப் போத்தலில் ஈர மணலை 6 அங்குலத்துக்கு இட்டு, அதை வெளியே கொட்டி, போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அதே மணலைக் கிளறியபடி திரும்பப் போடுங்கள். அது 5 அங்குலத்தில் படிந்தால் உப்பல் 20 வீதம். அப்படியானால் உங்கள் பெட்டியில் வந்த உண்மையான மணல் ஏறக்குறைய 69 கன அடிதான். சாந்து குழைக்கும்போதும் ஒரு தாச்சி சீமெந்துக்கு 5 தாச்சி மணல் என்ற கலவைக்கு, இந்த ஈர மணலில் 6 தாச்சி போடும்படி மேசனிடம் சொல்லுங்கள்.