நீட் மதிப்பெண் போதவில்லை, பி.எஸ்சி. நர்சிங் சேரலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படித்தேன். நீட்டில் மதிப்பெண் போதவில்லை. வீட்டில் நர்சிங் சேரச் சொல்கிறார்கள். பாதியில் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். எம்.பி.பி.எஸ். கிடைக்காத வருத்தத்தை ஆற்றிக்கொள்ள மட்டும் இந்தப் படிப்புக்கு வராதீர்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகும் நோயாளியோடு இருப்பது நாங்கள்தான். அது வேறு வேலை. தெரிந்தவர் யாராவது அட்மிட் ஆகியிருந்தால் ஓர் இரவு துணைக்கு இருந்து பாருங்கள். டிரிப்ஸ் மாற்றுவது, பி.பி. பார்ப்பது, படுக்கையை நனைத்துவிட்ட பெரியவரைத் துடைத்து வேட்டி மாற்றுவது என்று விடிய விடிய ஓடும். அருவருப்பாக இருந்தால் பரவாயில்லை, அது பழகிவிடும். சலிப்பாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சேர்வது என்று முடிவானால் கல்லூரியைக் கவனமாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கிடைக்கின்றன, முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். தனியார் என்றால், அவர்களுடைய மருத்துவமனைக்கு ஒரு வேலைநாள் காலையில் போய் ஓ.பி.யில் கூட்டம் இருக்கிறதா, வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்த்து வாருங்கள். நோயாளியே இல்லாத இடத்தில் படித்தால் ஒரு பிரசவம்கூடப் பார்க்காமல் கேஸ் புக்கை (பார்த்த நோயாளிகளைப் பதிவு செய்யும் நோட்டு) நிரப்பிவிட்டு வெளியே வருவீர்கள். அப்படி வந்தவர்கள் முதல் டியூட்டியில் கை நடுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

விட்டுவிடுவேனோ என்கிற பயம் முதல் வருடத்தில் எல்லோருக்கும் வரும். நான் தமிழ் வழியில் படித்தவள். அனாட்டமி, பிசியாலஜி எல்லாம் ஆங்கிலத்தில் வந்தபோது திணறிப்போனேன். என்னைக் காப்பாற்றியது வார்டுதான். ஈரல் கெட்டு வயிறு வீங்கியிருந்த ஒருவருக்குத் தினமும் எடையும் வயிற்றுச் சுற்றளவும் எடுக்கச் சொன்னார்கள். எதற்கென்று தெரியாமலே எழுதிக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தால் நீர் ரத்தக் குழாய்க்குள் நிற்காமல் வெளியே கசியும் என்று ஹாஸ்டலில் அந்தப் பாடத்தைப் படித்தபோது, அவருடைய வயிறுதான் கண்முன் வந்தது. அதற்கப்புறம் காலையில் பார்த்த நோயாளியின் நோயை அன்று இரவே படித்துவிடுவது பழக்கமாகிவிட்டது. நீங்களும் இதைச் செய்யுங்கள். மனப்பாடம் செய்து நான்கு வருடம் ஓட்ட முடியாது.

பணம் இடித்தால் ஜி.என்.எம். என்ற மூன்று வருட நர்சிங் டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துவிட்டு, டிப்ளமோ முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் படிக்கலாம். நல்ல வழிதான்.

படித்து முடித்ததும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கும்; எய்ம்ஸுக்கு நார்செட் என்ற தேர்வு இருக்கிறது. ஜெர்மனி ஆசை இருந்தால் மூன்றாம் வருடத்திலேயே ஜெர்மன் மொழி படிக்கத் தொடங்குங்கள், பி2 என்ற மொழித்தேர்ச்சி நிலைக்கு வர நாளாகும். தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவு, அது உண்மை. அங்கே போனால் ஐ.சி.யு. கேட்டு வாங்குங்கள், பிறகு எங்கே போனாலும் அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் சேராதீர்கள்.