ஈழத்தில் இயக்கங்கள் முளைத்த கதை: பந்தலூர்ப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் கூடலூருக்கு வந்து சேர்ந்தவன் நான். டேன்டீ (தமிழக அரசுத் தேயிலைக் கழகம்) லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் ஈழத்து ஆயுத இயக்கங்களைப் பற்றிக் கேட்டதற்கு, படித்தும் பார்த்தும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இயக்கங்கள் எல்லாம் 83 கலவரத்துக்குப் பிறகுதானே வந்தன, அண்ணா? (சேரம்பாடி, கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி. 83 ஜூலையில் தமிழர்மீது நடந்த கலவரத்துக்குப் பிறகு பெருத்தன, அவ்வளவுதான். 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி. 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் மறு வருடமே கிழிந்தது. 1965-இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவோடு செய்ததும் நிறைவேறவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, தமிழ் மாணவன் பல்கலைக்கழகம் போக அதிக மதிப்பெண் எடுக்க வேண்டியதாயிற்று. பெரியவர்கள் பேசிப் பேசி என்ன கிடைத்தது என்று வாலிபர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 1974 ஜூனில் அப்படிக் கிளம்பிய வாலிபர்களில் ஒருவரான பொன். சிவகுமாரன் போலீஸிடம் பிடிபடாமல் சயனைடு கடித்து இறந்தார். 1975-இல் யாழ்ப்பாண மேயர் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார்.

1976 மே மாதத்தைக் கவனியுங்கள். 5-ஆம் தேதி விடுதலைப் புலிகள் அமைப்பு உருவானது. 14-ஆம் தேதி வட்டுக்கோட்டையில் தமிழ்க் கட்சிப் பெரியவர்களே தனிநாட்டுத் தீர்மானம் போட்டார்கள். மறு வருடத் தேர்தலில் அவர்களுடைய தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடங்கள். ஓட்டுப் போட்டும் ஒன்றும் அசையவில்லை என்ற பிறகுதான் துப்பாக்கிக்காரன் பேச்சுக்கு ஊரில் காது கிடைத்தது.

கோரிக்கை ஒன்று, இயக்கம் மட்டும் ஏன் இத்தனை? (தேவாலா)

தலைமைச் சண்டை, ஊர்ப்பாசம், கொள்கை, எல்லாம் உண்டு. ஈரோஸ் 1975-இல் லண்டனில் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்தது பத்மநாபாவின் ஈ.பி.ஆர்.எல்.எஃப். புலிகளிடமிருந்து பிரிந்து உமா மகேஸ்வரன் புளொட் கண்டார். தங்கதுரை, குட்டிமணி வழியில் டெலோ.

83 ஜூலைக்குப் பிறகு பையன்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இந்திய அரசு அவர்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது, ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக. அங்கேதான் பெரிய தப்பு நடந்தது என்பேன். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் கத்தி கொடுத்த மாதிரி.

அப்படியானால் ஒன்று சேரவே இல்லையா? (தேவாலா, அதே தம்பி)

1985 ஏப்ரலில் புளொட் தவிர நான்கும் ஒரு முன்னணியாகக் கைகோர்த்தன. ஒரு வருடம்தான் நீடித்தது. 86 ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோவை அடித்தார்கள், மே 6-இல் அதன் தலைவர் ஸ்ரீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். மீதும் பாய்ந்தார்கள். பத்மநாபா 1990-இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் கொல்லப்பட்டார். இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. செத்தவர்கள் எல்லாரும் நம் பிள்ளைகள்.

நம் மலையகத்து ஆட்களை எந்த இயக்கமாவது கணக்கில் எடுத்ததா, ஐயா? (கொளப்பள்ளி, தோட்டத் தொழிலாளி மகள்)

நல்ல கேள்வி, தங்கச்சி. மலையகம் என்றால் இலங்கையின் மலைத் தோட்டப் பகுதி. 1948-இல் அங்கே நம் குடியுரிமையைப் பிடுங்கினார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டார்கள். கொழுந்து பறிப்பவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒப்பந்தப்படி இங்கே வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை அம்மாவின் தகரப்பெட்டியில் இன்னும் இருக்கிறது. போட்டோவில் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தனிநாட்டுக் கோரிக்கையோடு ஒட்டவில்லை. எப்படி ஒட்டும்? சிங்கள ஊர்களுக்கு நடுவில் இருக்கிற தோட்டத்துக்கு எல்லை எங்கே போடுவது? மலையகத்தையும் சேர்த்துப் பேசியது ஈரோஸ். 85-இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சுவார்த்தையில் எல்லா இயக்கங்களும் வைத்த நான்கு கோட்பாடுகளில் கடைசி, தீவைத் தாய்நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை. கடைசி இடம்தான். இருந்தாலும் இடம் இருந்தது.

83-இல் இங்கே என்ன நிலைமை? (கோத்தகிரி, அக்கா)

ரேடியோ இருந்த வீட்டு வாசலில் லயமே உட்கார்ந்திருந்தது அக்கா. பாதிச் சொந்தம் அங்கேதானே. நுவரெலியா, பதுளைத் தோட்டங்களிலும் தீ வைத்தார்கள். பல நாள் கழித்துச் சித்தப்பாவிடமிருந்து நீலக் கடிதம் வந்தது. மூன்றே வரி: நாங்கள் உயிரோடு இருக்கிறோம், காம்பரா (லயத்து வீடு) எரிந்துவிட்டது, அக்காவிடம் சொல்.

அங்கேயே தங்கிவிட்டவர்களுக்குக் குடியுரிமை கிடைத்ததா? (பந்தலூர்)

கிடைத்தது. சித்தப்பா இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிக் கையில் வைத்திருந்தார். 1984-இல் கப்பல் நின்றுபோனதால் வர முடியவில்லை. அவரைப் போன்றவர்களுக்காக 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி அவர் இலங்கைக் குடிமகன் ஆனபோது வயது 71. தேசிய அடையாள அட்டையை ஒரு பிரதி எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். அதுவும் அந்தத் தகரப்பெட்டியில்தான் இருக்கிறது.