கேமிங் கம்ப்யூட்டர்: பாகங்கள் ஒன்றோடொன்றும் சேர வேண்டும், வீட்டோடும் சேர வேண்டும்

கேள்வி: "அண்ணா, வீடு காசிமேடு பக்கம், வேலை மணலியில். ஒன்றரை வருஷம் சேர்த்த காசில் முதல் தடவையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்யப் போகிறேன். மொட்டை மாடி அறையில் வைப்பேன். அதிகம் ஆடுவது வாலரண்ட். பெரிய கேம்களும் ஆட ஆசை. லிஸ்ட் இது: ரைசன் 5 7600 பிராசஸர், பி550எம் மதர்போர்டு, சித்தப்பா பையன் கொடுத்த 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, கேபினட்டோடு சேர்ந்து வரும் 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், 500 ஜிபி எஸ்எஸ்டி, 1080 பிக்சல் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். எல்லாம் சேருமா? காசு வீணாகக் கூடாது."

தம்பி, கடைக்குப் போகும் முன்பே கேட்டது நல்லதாயிற்று. உங்கள் லிஸ்ட்டில் முதல் இரண்டு பாகமே சேராது.

ரைசன் 5 7600 உட்காருவது ஏஎம்5 சாக்கெட்டில். பி550எம் போர்டில் இருப்பது அதற்கு முந்தைய ஏஎம்4. ஏஎம்4-இல் 1331 பின், எல்லாம் பிராசஸரின் அடியில் முளைத்திருக்கும். 2022-இல் வந்த ஏஎம்5-இல் 1718 பின், அவை போர்டின் பக்கம் இருக்கும். ஒன்றை மற்றதில் எந்த வழியிலும் பொருத்த முடியாது. ராமும் இந்தச் சாக்கெட்டோடு கட்டுப்பட்டதுதான். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின் என்பதால் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ஸ்லாட் உடைந்தால் போர்டே போனது.

அதனால் இரண்டு வழி. 7600-ஐத்தான் வாங்குவேன் என்றால் பி650 போன்ற ஏஎம்5 போர்டு, புது டிடிஆர்5 ராம் என்று எல்லாமே மாறும். இல்லையென்றால் பி550எம் போர்டையும் கையில் இருக்கும் ராமையும் வைத்துக்கொண்டு, பிராசஸரை மட்டும் ரைசன் 5 5600 என்று மாற்றலாம். நான் உங்களுக்குச் சொல்வது இரண்டாவது. ராம் சும்மா வந்திருக்கிறது, ஆடப்போவது 1080 பிக்சல் மானிட்டரில், கார்டு 4060. இந்தச் சேர்க்கைக்கு 5600 தாராளம். ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஏஎம்4 அதன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பின்னாளில் அதே தலைமுறையில் கொஞ்சம் வேகமான பிராசஸர் போடலாம், அதற்கு மேல் போர்டோடு மாற்ற வேண்டும். ஏஎம்5-க்கு 2027-ஐத் தாண்டியும் புது பிராசஸர் வரும் என்று ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் மிச்சமாகும் காசைப் போட உங்கள் வீட்டில் அதைவிட அவசரமான இடம் இருக்கிறது. கீழே வருகிறேன்.

கடையில் 5600-க்குப் பதில் 5600ஜி எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 'ஜி' போட்டதில் உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கும், ஆனால் கார்டுக்கு டேட்டா போகும் பாதையான பிசிஐஇ, பழைய 3.0-ஓடு நின்றுவிடும். ஆர்டிஎக்ஸ் 4060 அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. பாதையும் பழையதாக இருந்தால் சில கேம்களில் அதற்கு மூச்சு முட்டும். இதே காரணத்துக்காகத்தான் பி450 போர்டும் வேண்டாம் என்கிறேன். பி550-இல் 5600 போட்டால் 4.0 முழுசாகக் கிடைக்கும்.

போர்டு வாங்கும்போது இன்னொன்று கேளுங்கள். பி550 வந்தது 2020-இல், 5600 வந்தது 2022-இல். ரொம்ப நாள் ஷெல்ஃபில் கிடந்த போர்டு என்றால் பழைய பயாஸோடு (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) இருக்கும், புது பிராசஸரை அடையாளம் காணாது. கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். அல்லது பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும் போர்டாகப் பாருங்கள். அதில் பிராசஸர் இல்லாமலேயே பென்டிரைவ் வைத்து அப்டேட் செய்யலாம்.

சித்தப்பா பையன் கொடுத்த ராமை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். டெஸ்க்டாப் ராம் சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். லேப்டாப் ராம் அதில் பாதிதான் இருக்கும், இந்தப் போர்டில் உட்காராது. டெஸ்க்டாப் ராம்தான் என்றால் இரண்டையும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் போடுங்கள் (போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால் இரண்டிலும்). அப்போதுதான் இரண்டும் ஜோடியாக வேலை செய்யும். அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை ஆன் செய்யுங்கள். 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய பல ராம்கள், அதை ஆன் செய்யாவிட்டால் 2400 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடும்.

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி. லிஸ்ட்டைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த 'கேபினட்டோடு சேர்ந்து வரும் 450 வாட்ஸ்' என்ற வரிதான்.

கணக்குப் போட்டால் 450 போதும் போலத்தான் தெரியும். 4060 எடுப்பது 115 வாட்ஸ். 5600 முழு வேகத்தில் 75, 80 வாட்ஸ். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 250-ஐ ஒட்டி வரும். பிரச்சினை எண்ணில் இல்லை, அந்த எண் உண்மையா என்பதில்தான். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட்ஸ். மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் உங்களுக்கு உதவுவது அந்த 192 மட்டும்தான். நல்ல 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் 45 ஆம்பியரை ஒட்டிப் போட்டிருப்பார்கள். அதுபோல ஒன்று, 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் முத்திரையோடு, ஐந்து வருஷ வாரன்டி கிடைத்தால் இன்னும் நல்லது. 4060-ஐ உருவாக்கிய என்விடியா அந்தக் கார்டுக்குச் சொல்வதும் 550 வாட்ஸ்தான்.

அதே ஸ்டிக்கரில் இன்புட் என்ற இடத்தையும் படியுங்கள். 100–240 வோல்ட் என்று போட்டதையே வாங்குங்கள். 200–240 மட்டும் போட்டது, கோடையில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடி வோல்ட்டேஜ் இறங்கும் நேரத்தில் திணறும்.

கார்டுக்கு வேண்டியது 6+2 என்று பிரியும் எட்டு பின் கேபிள். பிராசஸருக்குப் போவது 4+4 என்று பிரியும். இரண்டும் எட்டுதான் என்று மாற்றிச் சொருகக் கூடாது. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டு கேபிளே இருக்காது, ஒரு கன்வர்ட்டர் கொடுத்து 'இதுல மாட்டிக்கோ' என்பார்கள். வேண்டவே வேண்டாம், உருகிப்போன கன்வர்ட்டர்களை நான் கழற்றியிருக்கிறேன். கேபிள் தனியாகக் கழலும் மாடல் வாங்கினால், நண்பரிடம் இருக்கும் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் போடாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டியும் போர்டும் ஒரே நொடியில் போய்விடும்.

மிச்சமாகும் காசுக்கு அவசர இடம் என்றேனே, அது உங்கள் வீட்டு எர்த். ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டில் குடியிருந்தபோது நானே ஒரு மிஷின் அசெம்பிள் செய்தேன். வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் விரல் விர்ரென்று இழுக்கும், ஹெட்போனில் ஓயாமல் ஒரு இரைச்சல். எஸ்எம்பிஎஸ்தான் கோளாறு என்று மாற்றினேன். புதிதிலும் அதேதான். கடைசியில் எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைத் திறந்தார். மூன்று பின் சாக்கெட் இருந்தது, எர்த் வயர் பாதி வழியில் எதிலும் சேராமல் நின்றிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பச் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அவை லைன் வோல்ட்டேஜில் பாதியை, மிகக் குறைந்த கரண்டில், கேபினட் தகட்டில் நிறுத்திவைக்கும். அந்த விர்ருக்குக் காரணம் அதுதான். உள்ளே நிஜமாகவே ஏதாவது வயர் தகட்டில் பட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால் எதையும் வாங்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மொட்டை மாடி அறை சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230-ஐ ஒட்டிக் காட்டினால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்தான் இருக்கலாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பேசிச் செய்துகொள்ளுங்கள், இது குடியிருக்கும் எல்லோருக்கும் ஆகிற வேலை. நீங்களே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டாம்.

யுபிஎஸ் வாங்கினால் 600 விஏ என்பதை 600 வாட்ஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது 360 வாட்ஸ்தான். மானிட்டரோடு உங்கள் மிஷின் 280-ஐத் தொடும் என்பதால் 1 கேவிஏ வசதியாக இருக்கும். கரண்ட் போனால் சேவ் செய்து நிதானமாக நிறுத்தத்தான் அது, தொடர்ந்து ஆடுவதற்கு இல்லை.

கேபினட் விஷயத்தில் மூன்று அளவு பாருங்கள்: மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு உட்காருமா, கார்டின் நீளத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம், பின்னாளில் பெரிய கூலர் போட்டால் உயரம் போதுமா. மூன்று ஃபேன் வைத்த 4060-க்கு இரண்டு ஃபேன் வைத்ததைவிட நிறைய இடம் வேண்டும். 115 வாட்ஸ் கார்டுக்கு இரண்டு ஃபேனே போதும். முன்பக்கம் கண்ணாடி வைத்து அழகாக மின்னும் கேபினட் உங்கள் அறைக்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறை என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் அப்படியே பிராசஸரிலும் கார்டிலும் ஏறும். முன்பக்கம் வலை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் தள்ள ஒன்று. 5600-ஓடு வரும் கூலரே இப்போதைக்குப் போதும்.

கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக மட்டும் வைக்காதீர்கள். உப்புக் காற்று ஸ்க்ரூவையும் ஸ்லாட்டின் முனைகளையும் மெல்ல அரிக்கும். வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும் மிஷினில்தான் ஈரம் தங்கும். அதனால் ஆடாத நாட்களிலும் அவ்வப்போது ஓட விடுங்கள். லாரி போகிற ரோடு பக்கம் என்றால் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது தரைத்தளத்தில் இருந்தால், கேபினட்டை மேசை மேலேயே வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் வந்த தண்ணீரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எஸ்எஸ்டியை 1 டிபி ஆக்குங்கள். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும். போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 வடிவத்தில் சாட்டா (மெதுவானது), என்விஎம்இ (வேகமானது) என்று இரண்டு வகை உண்டு. உங்களுக்கு வேண்டியது என்விஎம்இ. வாலரண்ட் கேம் விண்டோஸ் 11-இல் ஓட, டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். உங்கள் போர்டில் இரண்டும் உண்டு, பயாஸில் ஆன் செய்தால் போதும்.

வாங்கப் போவது கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருதான் என்றால் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் எழுதியிருக்க வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், வாரன்டிக்கு அலைய வேண்டி வரும். பிராசஸரைக் கடையிலேயே பிரித்து, அடியில் ஒரு பின்னாவது வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கேபினட்டில் முடுக்கிவிடாதீர்கள். போர்டு வந்த அட்டைப் பெட்டி மேலேயே வைத்து பிராசஸர், கூலர், ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருக வேண்டும். 5600-க்குள் கிராபிக்ஸ் இல்லை, போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் படமே வராது. படம் வந்து விண்டோஸ் ஏற்றியதும் டிஸ்பிளே செட்டிங்கில் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள், பல நேரம் 60-இலேயே நிற்கும். படமே வரவில்லை என்றால் பதற்றம் வேண்டாம். கரண்டை அணைத்து, ராமைக் கழற்றி இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று கேட்கும்வரை மறுபடி அழுத்துங்கள். அப்படியும் வராவிட்டால், போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் அவற்றில் எது அணையாமல் நிற்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.