பந்தயத்தில் ஓடிய நாயை ஆடு, கோழி உள்ள வீட்டில் வைத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு தேவிபட்டினம் அருகே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பஞ்சாபில் கிராமப் பந்தயங்களில் ஓடிய மூன்று வயதுப் பெண் கிரேஹவுண்ட் நாய் ஒன்றை, தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை இரண்டு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று மதுரையில் விலங்கு நலப் பணி செய்யும் சிலர் கேட்கிறார்கள். எங்களிடம் நான்கு ஆடுகள், கொஞ்சம் கோழிகள், ஒரு பூனை உண்டு. மகனுக்கு ஒன்பது வயது. நாய் இவற்றைக் கடிக்குமா? நம் வெயிலைத் தாங்குமா? நாயைக் கொண்டுவந்து விடுகிறவர் ஆறாயிரம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். நாய் போகும்போது திருப்பித் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லக் காரணம், மற்ற தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதில் மாட்டினால் முடியாது. தற்காலிகமாக வளர்த்துக் கொடுக்கிறவர் தன் இடத்தையும் நேரத்தையும் தருகிறார். தீவனம், தடுப்பூசி, மருத்துவச் செலவு எல்லாம் நாயை ஒப்படைக்கிறவர்கள் பொறுப்பு. உங்களிடமே காசு கேட்டால் நடுவில் யாரோ வியாபாரம் செய்கிறார் என்று அர்த்தம். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது ஆடு, கோழி. கிரேஹவுண்ட் மோப்பத்தை நம்பி வேட்டையாடும் நாய் அல்ல, கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். வெகு தூரத்தில் ஏதாவது அசைந்தாலும் அதன் கண்ணில் பட்டுவிடும். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. நீங்கள் வாயைத் திறந்து கூப்பிடுவதற்குள் முற்றத்தைத் தாண்டியிருக்கும். அதன் குணத்தில் கெடுதல் கிடையாது. குட்டியிலிருந்தே ஓடுகிற பொருளைத் துரத்துவதற்காகவே பழக்கப்பட்ட உயிர் அது. உங்கள் காலடியில் சாதுவாகச் சுருண்டு கிடக்கும் அதே நாய், கோழி சிறகடித்து ஓடினால் துரத்தும். ஆகவே கோழியும் இந்த நாயும் ஒரே முற்றத்தில் அவிழ்த்துவிட்டபடி இருக்கவே கூடாது. ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். கோழியைக் கூண்டில் அடைத்த பிறகே நாயை வெளியே விட வேண்டும், அதுவும் கழுத்துப்பட்டையும் கயிறும் உங்கள் கையில் இருக்க.

ஆடு கொஞ்சம் வேறு விஷயம். நின்று மேயும் வளர்ந்த ஆட்டைப் பல கிரேஹவுண்டுகள் பார்த்துவிட்டு விட்டுவிடும். துள்ளி ஓடும் குட்டியை விடாது. குட்டி இருந்தால் கொட்டடிக்குத் தனிக் கதவு போடுங்கள்.

இங்கே நம் பக்கத்து ஆட்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: "எங்க கிடையில சிப்பிப்பாறை நாய் ஆட்டோடவே படுத்துக் கெடக்கே, அதுவும் ஓட்ட நாய்தானே?" உண்மைதான், கிடக்கிறது. ஆனால் அந்த விதிவிலக்கு எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த நாய் கண் திறந்து கொஞ்ச நாளிலேயே ஆட்டுக் கிடைக்கு வந்தது. ஆட்டு மூத்திர வாடையில் வளர்ந்தது. தாய் ஆடு முட்டித் தள்ளியதில் அதற்கு மரியாதை தெரிந்தது. குட்டி துள்ளும்போது அதட்டிப் பழக்கிய கீதாரி, அதாவது ஆடு மேய்ப்பவர், நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார். இத்தனையும் சேர்ந்ததால்தான் அந்த நாய் ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்கிறது. அந்தக் கிடை நாயே கூட, பக்கத்து ஊர்க் கோழியைக் கண்டால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். உங்களிடம் வரும் நாய்க்கு மூன்று வயது. அது வளர்ந்தது கூண்டில், பழகியது பந்தயத்துக்கு. இரண்டு மாதத்தில் அதைக் கிடை நாயாக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் உடல்வாகில் கிரேஹவுண்டைப் போல இருப்பதாலேயே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். எந்த நாய் எப்படி வளர்ந்தது என்பதுதான் கேள்வி.

பூனையைப் பொறுத்தவரை சோதித்துப் பார்க்கலாம். நாய் வந்து சில நாள் கழித்து, அதற்கு வாய்ப்பூட்டு மாட்டி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனையைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உங்களைப் பார்த்தாலோ நல்ல அறிகுறி. காது விறைத்து, வாய் மூடி, உடம்பு நடுங்க, கூப்பிட்டும் கண்ணை எடுக்காமல் நின்றால் சோதனை முடிந்தது: இரண்டையும் வேறு வேறு அறையில் வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தத்தெடுக்க வருகிறவருக்கு நாயின் நிறத்தைவிட இந்தக் குறிப்புதான் தேவை. வாய்ப்பூட்டு கூடை மாதிரி இருக்க வேண்டும், உள்ளே நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் வேண்டும். துணியில் தைத்துச் சுற்றிக் கட்டுவதை வாங்காதீர்கள், நம் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து.

கட்டுவதிலும் கவனம் வேண்டும். இந்த நாய்க்குக் கழுத்தைவிடத் தலை சிறியது. சாதாரணப் பட்டை போட்டால் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். இழுக்கும்போது மட்டும் அளவோடு இறுகும் அகலமான பட்டை கிடைக்கிறது, அதை ஒப்படைப்பவர்களிடமே கேட்டு வாங்குங்கள். நீளக் கயிற்றில் மரத்தில் கட்டிப் போடவே கூடாது. முழு வேகத்தில் ஓடிக் கயிறு முடியும் இடத்தில் சுண்டி இழுத்தால் கழுத்து முறியும். பழைய மீன் வலையை வேலியாகக் கட்டியிருந்தால் நாய் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள். வேகமாக வந்து அதில் காலை விட்டால் எலும்பு நிற்காது. ஓலை வேலியும் போதாது. ஆள் உயரச் சுவரோ கம்பி வலையோ இல்லாவிட்டால், வீட்டுக்கு வெளியே நாய் எப்போதும் உங்கள் கையில்தான்.

கடற்கரையில் ஆளே இல்லை, ஓடட்டுமே என்று தோன்றும். வேண்டாம். சீமைக் கருவேல முள்ளும் பனங்கருக்கும் நிறைந்த ஊர் நம்முடையது, இந்த நாயின் தோலோ மிக மெல்லியது. வேறு நாய்க்குக் கீறலாக இருப்பது இதற்குத் தையல் போடும் காயமாகிவிடும். மயிலையோ முயலையோ அடித்துவிட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். கரையில் வலை உதறும் இடத்தில் பேத்தை மீன் கிடக்கும். அது விஷ மீன், தின்ற நாய்க்கு மாற்று மருந்தே கிடையாது. தூண்டில் முள்ளும் அப்படித்தான் கிடக்கும். கருவாடு காயும் பக்கமும் கூட்டிப் போகாதீர்கள், அத்தனை உப்பு அதற்கு ஆகாது.

வெயில் தாங்குமா என்றால், நாம் பார்த்துக்கொண்டால் தாங்கும். உடம்பில் கொழுப்பு குறைவு, முடி குட்டை, அதனால் வெயில் ஒத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அந்த உடம்பில் பெரும்பகுதி தசை, தசை ஓடினால் சூடு ஏறும். நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். கடல் ஓரத்து ஈரக்காற்றில் அது சரியாக நடக்காது. வெயில் ஏறுவதற்கு முன்பும், பொழுது சாய்ந்து மணல் ஆறிய பிறகும் மட்டும் நடத்துங்கள். நடக்கும்போது தள்ளாடினாலோ, ஈறு செக்கச் சிவந்து எச்சில் கெட்டியாக வழிந்தாலோ நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குடிக்க உவர் கிணற்றுத் தண்ணீர் வைக்காதீர்கள். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று தெரியும், ஆனாலும் நீங்கள் குடிக்கும் தண்ணீர்தான் அதற்கும்.

சாப்பாட்டில் சிரமம் இல்லை. சோறு, வேகவைத்த கோழி, முட்டை, முள் எடுத்த மீன் என்று இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். சாப்பிட்ட உடனே ஓடவிடக் கூடாது. கடைசி ஒன்றிரண்டு விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் இந்த இனத்துக்கு அளவான உடம்பு. பக்கத்து வீட்டார் சோறு போடவில்லையா என்று கேட்பார்கள். அதற்காகக் கொழுக்க வைக்காதீர்கள்.

மகனுக்கு ஒரே ஒரு சட்டம்: தூங்கும் நாயைத் தொடக்கூடாது. கூண்டில் தனியாகப் படுத்துப் பழகிய நாயைத் திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது எழுந்து வந்த பிறகு தடவட்டும். மிக்ஸி சத்தம், குக்கர் விசில், வழுக்கும் டைல்ஸ், மாடிப்படி எல்லாமே அதற்குப் புதிது, பயந்து ஒதுங்கினால் இழுத்து வராதீர்கள். ஒருவேளை பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

மருத்துவத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "இது கிரேஹவுண்ட்" என்று சொல்லுங்கள். தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகளிலிருந்து இந்த இனம் எழுவதற்கு மிகத் தாமதமாகும், சில சமயம் எழாமலே போகும். இரத்தப் பரிசோதனையிலும் சிவப்பணு இயல்பிலேயே கூடுதலாக, தைராய்டு அளவு குறைவாக வரும். அதை நோய் என்று நினைத்து மருந்து எழுதிவிடக் கூடாது. கருத்தடை அறுவை செய்யாமல் வந்தால், அதை வசதியுள்ள மருத்துவமனையில் ஒப்படைப்பவர்களே செய்து தரட்டும். நம் மாவட்டத்து மருந்தகங்கள் ஆட்டையும் மாட்டையும் மனதில் வைத்து அமைந்தவை. அங்கே இருக்கும் மருத்துவர்கள் இருப்பதை வைத்து நாள் முழுக்க உழைக்கிறார்கள், குறை அவர்களிடம் இல்லை. ஒரு நாயின் தோலுக்கடியில் உள்ள அடையாளச் சிப்பைப் படிக்க ஒரு சிறு கருவி வாங்கித் தர அரசு இத்தனை வருடமாகவா யோசிப்பது? அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள்.

சரி, அந்த முன்பணக்காரர். இந்தியாவில் சட்டப்படி நடக்கும் வணிக நாய்ப் பந்தயத் திடல் எதுவும் இல்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நாய்க்குப் பதிவேடு உண்டு, காதில் எழுத்துப் பச்சை குத்தியிருப்பார்கள். சீனாவின் மக்காவு நகரில் 2018இல் பந்தயத் திடலை மூடியபோது, பதிவில் இருந்ததால்தான் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களுக்கு ஒவ்வொன்றாக வீடு தேட முடிந்தது. இங்கே பதிவே இல்லாததால் நாய் யாருடையது என்பதை இடையில் வருகிறவர் சொல்வதுதான் கணக்கு. அந்த ஓட்டைக்குள்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

நான் பார்த்த வித்தை இதுதான். பெண் நாயை உங்கள் வீட்டில் விடுவார்கள். நீங்கள் உண்ணி எடுத்து, உடம்பைத் தேற்றி, மனிதரோடு பழக்கி வைப்பீர்கள். அது பருவத்துக்கு வரும் நேரம் பார்த்து "தத்தெடுக்க ஆள் கிடைத்துவிட்டது" என்று வந்து அழைத்துப் போவார்கள். போவது குட்டி போடவைக்க, அல்லது முயல் வேட்டைக்கு. முன்பணமும் திரும்பாது. இன்னொரு வகை, சிப்பிப்பாறைக் கலப்பைக் கொண்டுவந்து "அயர்லாந்து இறக்குமதி" என்று நகல் சான்றிதழ் காட்டுவது. காதில் பச்சையும் இல்லாமல், பதினைந்து இலக்கச் சிப் எண்ணும் இல்லாமல் இறக்குமதி என்று சொன்னால் நம்பாதீர்கள். "ஒரே ஒரு ஈத்து எடுத்துக்கிட்டு நீங்களே வச்சுக்கங்க" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

புகார் கொடுத்து என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். இன்றைக்கும் அதுதான். ருக்மிணி தேவி அருண்டேல் 1962இல் தொடங்கிவைத்த விலங்கு நல வாரியம் சென்னையில் இருந்தது, 2018இல் அதன் அலுவலகம் ஹரியானாவுக்குப் போய்விட்டது. தேவிபட்டினத்திலிருந்து யார் அங்கே போய்க் கேட்பது? அதனால்தான் காகிதத்தை முன்கூட்டியே வாங்கச் சொல்கிறேன்.

முத்திரைத்தாளில் எழுதினால் போதும். மதுரைக்காரர்களிடம் நேரடியாகப் பேசி, அவர்கள் கையெழுத்தோடு வாங்குங்கள், இடையில் வருகிறவர் கையெழுத்து செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயின் உரிமையாளர் யார், வாரியத்தின் அங்கீகார எண் என்ன, கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் எந்தத் தேதியில் நடந்தன, செலவு யாருடையது, பக்கத்து வீட்டு ஆட்டைக் கடித்தால் ஈடு யார் கொடுப்பது, இவ்வளவும் அதில் வரவேண்டும். அப்புறம், இரண்டு மாதம் என்று வாயால் சொல்வதை எந்தத் தேதிவரை என்று எழுத வையுங்கள். அந்தத் தேதிக்கு முன் உங்களால் முடியாமல் போனால் எத்தனை நாளில் வந்து அழைத்துப் போவார்கள் என்பதையும். இதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டால், கோழிக் கூண்டைச் சரிசெய்துவிட்டு நாயை வரச் சொல்லுங்கள். தயங்கினால், காகிதம் தயாரானதும் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.